நெடுந்தூர ஓட்டமும் அரையாண்டுத் தேர்வும்



பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டப் பந்தயத்தை நீங்கள் எல்லீரும் கண்டிருப்பீர்கள். 400 மீட்டர் வட்டத்தை மூன்றே முக்கால் முறை சுற்றிவர வேண்டும். ஊதல் ஒலித்ததும் ஒரு மாணவன் அம்புபோல் பாய்ந்து முன்னே செல்வான். முதற்சுற்று முடியும்போது அவனுக்கும் மற்றவர்களுக்கும் இடையே 30 மீட்டர் தொலைவு இருக்கும். அவனுடைய வகுப்புத் தோழர்கள் ஆரவாரம் செய்வார்கள். இரண்டாஞ் சுற்றில் அத்தொலைவு சுருங்கும். மூன்றாஞ் சுற்றில் அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடந்து வருவான். 34 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான் இக்காட்சியை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். மாணவன் மாறுவான், காட்சி மாறாது. அவன் சோம்பேறியும் அல்லன், பயிற்சியற்றவனும் அல்லன். சற்று முன்னர்த்தான் 400 மீட்டரில் முதற்பரிசு பெற்றிருப்பான். அந்தப் பரிசே அவனை ஏமாற்றிவிடுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே. குறுந்தொலைவில் ஒருவர் ஓடிய நேரத்தைக் கொண்டு, நெடுந்தொலைவை அவர் எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பார் என்று முன்கூட்டியே கணிக்கலாமா? கணிக்கலாமெனின், அக்கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? பரிசுக்காகவோ பணத்துக்காகவோ அன்றி, தம் மகிழ்ச்சிக்காக ஓடுகின்றவர்கள் இன்று நம் நாட்டில் பல்லாயிரவர் இருக்கின்றனர். மும்பையில் 2004-இல் தொடங்கிய பெரிய மாரத்தான் ஓட்டத்துக்குப் பிறகு நகரந்தோறும் இப்பழக்கம் பரவிற்று. சென்னையிலும் ஆண்டுதோறும் தைத் திங்களை ஒட்டி மாரத்தான் நடைபெறுகிறது. அலுவலகம் செல்வோர், மருத்துவர், இல்லத்தரசியர், என்னைப்போல் ஓய்வு பெற்றோர் ஆகிய அனைவரும் விடியுமுன் எழுந்து ஓடுகின்றனர். அவர்களுள் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். 'அரை மாரத்தானை இவ்வளவு நேரத்தில் ஓடினேன். ஆகவே முழு மாரத்தானை இவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும்' என்னும் கணக்கை நிச்சயமாகச் சொல்லுவார்.

நம் முன்னோர் தொலைவையே நேரத்தால் அளந்தவர்கள். ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகை வழி' என்றனர். நாழிகை என்பது 24 நிமிடம். ஆயின், முதல் நாழிகையில் நடந்த வேகத்திலேயே பத்தாம் நாழிகையிலும் நடக்க முடியுமா என்று வழிப்போக்கனைக் கேட்டால் அவன் சிரித்திருப்பான். அவன் சிரிப்பில்தான் நம் வினாவின் முழுச் சிக்கலும் இருக்கிறது.

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஓடிய தொலைவு அது. 1921-இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. எண்ணைச் சொன்னால் தொலைவு மனத்தில் படியாது. ஆகவே என் ஊர்ச் சாலையைக் காட்டுகிறேன். நான் வாழ்வது செங்கற்பட்டு. அங்கிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விடியலுக்கு முன் புறப்பட்டு, கொளவாய் ஏரியின் காற்று முதுகில் படக் கிழக்கு நோக்கி ஓடினால், ஏறத்தாழப் பாதி வழியில் திருக்கழுக்குன்றம் வரும். உச்சிவேளையில் கழுகுகள் உணவுண்ண வந்த அந்த மலையை நீங்கள் அறிவீர்கள். அக்கழுகுகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஊரைக் கடந்து மேலும் ஆறேழு கிலோமீட்டர் சென்றால் அரை மாரத்தான் நிறைவுறும். பின்னர் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியதும் மாமல்லபுரம். கடலோசை கேட்கும். 30 கிலோமீட்டர் முடிந்தது. இனி இளைப்பாறலாம் என்று உடம்பு கெஞ்சும். ஆனால் மாரத்தான் முடியவில்லை! வடக்கே திரும்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட வேண்டும். சாளுவன்குப்பத்துப் புலிக்குகை ஐந்து கிலோமீட்டரில் வரும். அதையும் கடந்து முதலைப் பண்ணையை நெருங்கும்போதுதான் 42 கிலோமீட்டர் நிறையும்.

இந்தக் கடைசிப் 12 கிலோமீட்டர் முன்னைய 30-ஐப் போன்றதன்று. ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம் உடம்பு ஓடுவதற்கான எரிபொருளைக் கிளைகோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் ஆற்றல் பொதுவாக 2000 கிலோ கலோரி அளவினது. ஓடுகின்றவர், தம் எடையில் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ ஒரு கிலோ கலோரியைச் செலவிடுகிறார். 60 கிலோகிராம் எடையுள்ளவர்க்கு 42 கிலோமீட்டருக்கு 2500-க்கு மேல் வேண்டும். இருப்பு 2000, செலவு 2500. குறைபாட்டை உடம்பிலுள்ள கொழுப்பு ஈடுசெய்யும். ஆயின் கொழுப்பு மெல்ல எரிவது. விரைந்து ஓடுகின்றவர்க்கு அது போதிய வேகத்தில் உதவாது. ஆகவேதான் வேகமாகத் தொடங்கியவர் 30 அல்லது 32-ஆம் கிலோமீட்டரில் திடீரென்று கால் இழந்தவர்போல் ஆகிறார். ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் மோதுதல்' என்கின்றனர். பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் இச்சுவர் இல்லை. அரை மாரத்தானிலும் பெரும்பாலோர்க்கு இல்லை. குறுந்தொலைவுத் தேர்வில் கேட்கப்படாத வினா ஒன்று நெடுந்தொலைவுத் தேர்வில் கேட்கப்படுகிறது என்று கொள்ளுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். அவரும் மாரத்தான் ஓடியவரே. தொலைவு எத்தனை மடங்கு பெருகுகிறதோ அந்த எண்ணை 1.06 என்னும் அடுக்குக்கு உயர்த்தினால், நேரம் எத்தனை மடங்கு பெருகும் என்பது கிடைக்கும். உயர்நிலை வகுப்பு மாணவர்கள் மடக்கை வாய்பாட்டைக் கொண்டு இதைத் தாமே செய்து பார்க்கலாம். தொலைவு இருமடங்கானால் நேரம் இருமடங்காகாது, 2.085 மடங்காகும். அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் ஓடியவர் முழு மாரத்தானை 4 மணி 10 நிமிடத்தில் ஓடலாம். பத்துக் கிலோமீட்டர் நேரத்தை 4.6-ஆல் பெருக்கினாலும் மாரத்தான் நேரம் கிடைக்கும். எளிமையும் அழகும் உடைய வாய்பாடு. ஆயினும் 2016-இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் என்னும் இருவர், பொழுதுபோக்காக ஓடும் 2000-க்கு மேற்பட்டோரின் நேரங்களை ஆராய்ந்தனர். அரை மாரத்தான் வரையில் வாய்பாடு நன்கு பொருந்திற்று. முழு மாரத்தானிலோ, ஓடியவர்களுள் பாதிப்பேர்க்கு அது 10 நிமிடமாவது விரைவான நேரத்தைக் காட்டிவிட்டது. வாய்பாட்டில் பிழையில்லை. நீண்ட ஓட்டத்துக்குரிய பயிற்சி முழுவதையும் முடித்தவர் என்று அது நம்மைக் கருதிக்கொள்கிறது. நம்மில் பலர் அப்பயிற்சியைப் பாதியும் செய்வதில்லை.

என் கதையைச் சொல்லுகிறேன். 58-ஆம் வயதில் பணி ஓய்வு பெற்றேன். மருத்துவர் இசைவு பெற்று ஓடத் தொடங்கினேன். முதலில் தெருமுனை, பின்னர் ஏரிக்கரை. மூன்றாம் ஆண்டில் மாரத்தான் ஆசை பிறந்தது. முன்னோட்டமாகப் பத்துக் கிலோமீட்டர் பந்தயம் ஒன்றை 58 நிமிடத்தில் ஓடினேன். ரீகல் கணக்கின்படி அரை மாரத்தானுக்கு 2 மணி 8 நிமிடம்; முழு மாரத்தானுக்கு 4 மணி 27 நிமிடம். அடுத்த மாதம் அரை மாரத்தான் ஓடினேன். 2 மணி 14 நிமிடம் ஆயிற்று. கணித்ததைவிட 6 நிமிடம் மிகுதி. தொலைவு கூடக்கூட நான் கணக்குக்குப் பின்தங்குகிறேன் என்பதை அந்த 6 நிமிடம் தெளிவாகச் சொல்லிற்று. அரை மாரத்தானைக் கொண்டு கணக்கிட்டிருந்தாலும் 4 மணி 39 நிமிடம் என்று விடை வந்திருக்கும். நான் என்ன செய்தேன்? இரண்டு விடைகளுள் எது எனக்கு இனித்ததோ அதை எடுத்துக்கொண்டேன். கணிதம் கற்பித்தவன் செய்யத் தகாத செயல். 4 மணி 27 நிமிடம் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன்.

சென்னையில் ஓட்டம். குளிர்ந்த விடியல், ஆயிரக்கணக்கானோர், பாட்டும் மேளமும் கைத்தட்டலும். முதற்பாதியை 2 மணி 12 நிமிடத்தில் கடந்தேன். ஒரு பாதியை மட்டும் ஓடிய அன்றே 2 மணி 14 நிமிடம் எடுத்துக்கொண்டவன், இரு பாதிகளை ஓட வேண்டிய அன்று 2 மணி 12 நிமிடத்தில் முதற்பாதியை முடித்தேன் என்றால், என் அறிவை என்னென்பது! 31-ஆம் கிலோமீட்டரில் தொடை இறுகிற்று. 33-இல் நடக்கலானேன். பிற்பாதிக்கு 3 மணி நேரம் ஆயிற்று. மொத்தம் 5 மணி 12 நிமிடம்.

அந்தப் 34-ஆம் கிலோமீட்டரில், வெயில் ஏறிய சாலையில் நொண்டிக்கொண்டு நடந்தபோது, எனக்கு ஒரு மாணவன் நினைவு வந்தது. ஏன் அப்பொழுது வந்தது என்று கேட்காதீர்கள். களைத்த உடம்பில் மனம் தன் பழைய கடன்களைப் புரட்டிப் பார்க்கும் போலும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பத்தாம் வகுப்பு ஆசிரியனாக இருந்தேன். அம்மாணவன் அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 23 மதிப்பெண் பெற்றான். தந்தை சிறு விவசாயி. தோளில் துண்டோடு வந்து, "ஐயா, பையன் தேறிவிடுவானா?" என்று கேட்டார். நான் விடைத்தாளைப் பார்த்தேன். முந்திய ஆண்டுகளின் அனுபவத்தை நினைத்தேன். "இந்த மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் அரிது" என்றேன். அனுபவத்தின்படி என் கணிப்பு தவறானதன்று. ஆனால் அரையாண்டுத் தேர்வுக்கும் பொதுத் தேர்வுக்கும் இடையே மூன்று மாதங்கள் இருந்தன. அந்த மூன்று மாதங்களில் எதைச் செய்தால் 23 என்பது 40 ஆகும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு பையன் பள்ளிக்கு வரவில்லை. மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையொன்றில் சேர்த்துவிட்டதாக அறிந்தேன். பொதுத் தேர்வு நாளில் அவன் இடம் காலியாக இருந்தது.

ஒரே பிழையை நான் இருமுறை செய்தேன். அவனுக்குச் சிறு தேர்வின் எண்ணைக் கொண்டு கதவை மூடினேன். எனக்குச் சிறு ஓட்டத்தின் எண்ணைக் கொண்டு கதவை அகலத் திறந்துவிட்டேன். இரு முறையும் அந்த எண் என்ன சொல்லிற்று என்பதை முழுவதும் கேட்கவில்லை.

நிற்க. இப்பிழை பெரியோரையும் விடுவதில்லை. ஜிம் பீட்டர்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் காலத்தில் உலகின் மிக விரைவான மாரத்தான் வீரர். 1954 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் 2 மணி 17 நிமிடம் 39 விநாடியில் ஓடினார். அதற்குமுன் அவ்வளவு விரைவாக எவரும் ஓடியதில்லை. அதே ஆகஸ்டில் கனடாவின் வான்கூவர் நகரில் கடும் வெயிலில் பந்தயம் நடந்தது. பீட்டர்ஸ் தம் வழக்கமான வேகத்தையே மேற்கொண்டார். அரங்கத்துள் நுழைந்தபோது அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடம் முன்னே இருந்தார். இனி ஒரு சுற்றுக்கும் குறைவே எஞ்சியிருந்தது. ஆனால் வெப்பம் அவரை வீழ்த்திற்று. விழுந்தார், எழுந்தார், தள்ளாடினார், மீண்டும் விழுந்தார். 200 மீட்டர் அளவு நகர 11 நிமிடம் ஆயிற்று. முடிவுக்கோட்டை அவர் அடையவேயில்லை. அதன்பின் அவர் பந்தயத்தில் ஓடவும் இல்லை. இங்கிலாந்தின் ஜூன் மாதத்தில் எடுத்த அளவு வான்கூவரின் வெயிலுக்கு உரியதன்று.

நம் கடற்கரையில் வாழ்வோர் இதை நன்கு மனங்கொள்ள வேண்டும். ஆடி மாதத்தில் விடியற்காலையிலும் புழுக்கம், வியர்வை உலர்வதில்லை, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுமில்லை. தை மாதத்து விடியல் அதைவிட ஏறத்தாழ 5 பாகை குளிர்ந்தது. ஆடியில் அரை மாரத்தான் ஓடி, நேரம் மிகுந்துவிட்டதே என்று மனமுடைந்து போகிறவர் பலர். அவர்களுக்கு வாய்பாடு உண்மையைவிடக் கடுமையான விடையைத் தரும். குளிர்ந்த மலைநகர் ஒன்றில் ஓடிவிட்டு வந்து இங்குக் கணக்குப் போடுகின்றவர்க்கோ அது பொய்யாக இனிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையில் நீண்ட பயிற்சி தடைப்பட்டவர், அதற்குமுன் எடுத்த நல்ல நேரத்தை நம்பித் தையில் இறங்கினால் அதுவும் ஏமாற்றமே.

அப்படியாயின் முன்னோட்டம் வீணா? அன்று. அதை ஓட வேண்டிய முறை ஒன்று உண்டு. பெரிய ஓட்டத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன், அதே போன்ற சமதரையில், அதே போன்ற வேளையில், அன்று அணியப்போகும் காலணியையே அணிந்து, அரை மாரத்தானை உண்மையாக ஓட வேண்டும். நண்பரோடு பேசிக்கொண்டு ஓடிய நேரம் அளவாகாது. அதற்கு முன்னர்ப் பத்துக் கிலோமீட்டர் ஒன்றையும் ஓடியிருத்தல் நலம். இரண்டையும் ஒப்பிட்டால் உங்களுக்கு வேகம் குறைவா, தாங்குதிறன் குறைவா என்பது விளங்கும். இரண்டு விடைகள் வேறுபட்டால் கசக்கும் விடையையே கொள்ளுங்கள். வாரந்தோறும் நீண்ட ஓட்டம் ஓடி 30 கிலோமீட்டர் வரை சென்று பழகாதவர், அதன்மேல் இன்னும் 20, 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் முழு மாரத்தானை நினைக்கவே வேண்டா. உங்களுக்கு 1500 மீட்டரும் 3000 மீட்டரும் இருக்கின்றன. அங்கேயே இக்கணக்கைப் பழகலாம்.

கெல்வின் கிப்டம் என்னும் கென்ய இளைஞர் 2023 அக்டோபரில் சிகாகோ நகரில் 2 மணி 35 விநாடியில் மாரத்தானை ஓடி முடித்து உலக சாதனை படைத்தார். முதற்பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி. பிற்பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. உலக சாதனை படைத்தவரே முதற்பாதியை அடக்கி ஓடினார்! நான்கு மாதங்களில் அவர் சாலை விபத்தொன்றில் மறைந்தது பெருந்துயரம். அந்த இரண்டு எண்களை மட்டும் நான் என் அலமாரிக் கதவில், பழைய தாளைக் கிழித்துவிட்டு, எழுதி வைத்தேன்.

மறு ஆண்டு செங்கற்பட்டு – மாமல்லபுரம் சாலையையே என் பயிற்சிக்களமாக்கினேன். ஞாயிறுதோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். முதலில் திருக்கழுக்குன்றம் வரை. பிறகு அதைத் தாண்டி. மார்கழியில் மாமல்லபுரம் வரை. முதன்முறை கடற்கரையை அடைந்த அன்று, அருச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே அமர்ந்து இளநீர் குடித்தேன். அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட வேறொரு பாறை சற்றுத் தொலைவில் இருக்கிறது. அதை ஒத்திகை என்று கருதுவோர் உண்டு. ஒத்திகையோ அன்றோ, அதைப் பார்த்த பிறகு பெரிய பாறையைப் பார்த்தால் உளியின் உழைப்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அவ்வாண்டு முன்னோட்டத்தில் அரை மாரத்தானை 2 மணி 9 நிமிடத்தில் ஓடினேன். வாய்பாடு 4 மணி 29 நிமிடம் என்றது. நான் ஏறத்தாழ 20 நிமிடம் கூட்டி 4 மணி 50 நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். முதற்பாதியில் இளைஞர் பலர் என்னைக் கடந்து சென்றனர். முதியோர் சிலரும் கடந்தனர். மனம் அரித்தது. 2 மணி 22 நிமிடத்தில் பாதி முடிந்தது. பிற்பாதி 2 மணி 26 நிமிடம். மொத்தம் 4 மணி 48 நிமிடம். நடக்கவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் சாலையோரம் மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. பயிற்சி தொடங்கிய முதல் ஞாயிறன்றே அக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். 23 மதிப்பெண் பெற்ற அம்மாணவரேதான். தலை நரைத்துவிட்டது. மகள் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள் என்றார். தந்தை என்னைப் பார்க்க வந்த நாளை நானே பேச்சில் எடுத்தேன். அன்று நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன் என்றேன். அவர் சிறிது நேரம் கையிலிருந்த திருகியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் எழுதியிருப்பேன் சார்" என்றார். பிறகு பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டே செல்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரே வினாவைக் கேட்பார்: "சார், இங்கே வந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், எத்தனை மணிக்குக் கடற்கரை போய்ச் சேருவீர்கள்?"

"திரும்பி வரும்போது சொல்லுகிறேன்" என்பேன்.